மலை ஏரியும் மிதிவண்டியும்



விடுமுறை வந்துவிட்டால் எங்கேனும் போய்வர வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு எழுவது இயல்பு. கடற்கரை, கோயில், அணை, அருவி என்று இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பீர்கள். எங்கே போவது என்று சிந்திக்கும் அளவுக்கு, எப்படிப் போவது என்று நாம் சிந்திப்பதில்லை. கிடைத்த வண்டியில் ஏறிக்கொள்கிறோம். இடம் வந்ததும் இறங்கிக்கொள்கிறோம். ஆனால், போகும் முறை மாறினால் போய்ச் சேரும் இடமும் மாறிவிடும் என்பதை நான் ஒரே ஏரிக்கரைக்கு இரண்டு முறை சென்று தெரிந்துகொண்டேன். முதல் முறை வேனில் சென்றேன். இரண்டாம் முறை மிதிவண்டியில் சென்றேன். அந்த இரண்டு பயணங்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

வட தமிழ்நாட்டின் படத்தை எடுத்துப் பாருங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலை, மேற்குத் தொடர்ச்சி மலையைப்போல் இடைவிடாத மதிலாக நிற்பதன்று. துண்டு துண்டாக, சமவெளியின் நடுவே எழுந்தும் தாழ்ந்தும் செல்வது. அத்துண்டுகளுள் ஒன்று ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அகலம் ஏறத்தாழ 32 கிலோமீட்டர். செய்யாறு, அகரம் ஆறு என்னும் இரண்டு ஆறுகள் அம்மலையைக் கிழக்கு, மேற்கு என இரு கூறாகப் பிரிக்கின்றன. இரண்டும் பாலாற்றின் துணையாறுகள். ஆகவே, சமவெளியில் நெல் விளைவிக்கும் உழவன் ஜவ்வாது மலையைக் கண்ணால் கண்டிராவிட்டாலும், அதன் நீரைக் கண்டவனே ஆவான்.

இம்மலையில் ஏறுகிறவன் ஒரே சிகரத்தை நோக்கி ஏறிச்சென்று, அதன் உச்சியில் நின்று, பிறகு இறங்கிவிடுவதில்லை. ஏறி முடித்த பின் மேலே ஒரு நாடே விரிந்து கிடக்கக் காண்கிறான். மேடும் பள்ளமும், காடும் வயலும், சிற்றூரும் ஓடையும் மாறி மாறி வருகின்றன. சாமை விளையும் நிலங்கள் இருக்கின்றன. புளி, பலா, நெல்லி, கடுக்காய் ஆகிய மரங்கள் இருக்கின்றன. சந்தனத்துக்கும் தேனுக்கும் பெயர்பெற்ற மலை இது. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். இப்பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். மலையில் வாழ்வோர், மலையை ஆள்வோர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. மலைநாட்டின் நடுவே இருக்கும் முக்கியமான ஊர் ஜமுனாமரத்தூர். அங்கே கோலப்பன் ஏரி என்று ஓர் ஏரி உண்டு. நான் இரு முறை சென்றது அந்த ஏரிக்கரைக்குத்தான்.

முதல் பயணம் என் கல்லூரி நாள்களில் நிகழ்ந்தது. நண்பர்கள் பன்னிருவர் சேர்ந்து ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திக்கொண்டோம். வேனில் இருந்த ஒலிபெருக்கி அடிவாரத்திலேயே பாடத் தொடங்கியது. மலைப்பாதையின் வளைவுகளை நாங்கள் பார்த்தோம் என்று சொல்ல முடியாது. வேன் சாயும்போது நாங்களும் சாய்ந்தோம், அவ்வளவுதான். ஏரிக்கரையில் வேனை நிறுத்தி, அதன் கதவுகளைத் திறந்து வைத்து, பாட்டை இன்னும் உரக்க வைத்தோம். சிலர் ஆடினர், சிலர் உண்டனர். அந்த ஏரியில் என்ன பறவை இருந்தது, கரையில் என்ன மரம் நின்றது என்று அன்று மாலை யாரேனும் என்னைக் கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன்.

சற்று நேரத்தில் கோல் ஊன்றிய முதியவர் ஒருவர் மரங்களுக்கிடையிலிருந்து வந்தார். எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. சிறிது தொலைவிலேயே நின்றுகொண்டு, “தம்பிகளா, அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க. மாட்டு மணி காதுல விழல” என்றார். அவர் சொன்னதன் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை. ஒருவன் சிரித்தான். இன்னொருவன் ஒலியைச் சிறிது குறைத்தான். அவர் நகர்ந்ததும் மீண்டும் கூட்டிவிட்டான். அப்படிச் செய்தவன் யார் என்று இப்போது மறைப்பதில் பயன் இல்லை. அவன் நானேதான்.

மாலையில் முதியவர் மறுபடியும் வந்தார். காட்டில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளுள் ஒரு பசு மட்டும் திரும்பவில்லை என்றார். காட்டில் மேயும் மாட்டைக் கண் பின்தொடர முடியாது. புதரும் மரமும் மறைத்துவிடும். அதனால்தான் அதன் கழுத்தில் மணி கட்டுகிறார்கள். மணியோசை எத்திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே மேய்ப்பவர் தம் மந்தையைக் காக்கிறார். அன்று நாலு மணி நேரம் எங்கள் பாட்டு அந்த மணியோசையை விழுங்கிவிட்டது. உண்மை தெரிந்த பிறகு நாங்களும் இறங்கித் தேடினோம். பொழுது சாய்ந்தது. கரடியும் காட்டுப்பன்றியும் நடமாடும் காடு என்பதால், “இருட்டிப்போச்சு, நீங்க கிளம்புங்க” என்று அவரே எங்களை அனுப்பிவிட்டார். கன்று ஒன்று கத்திக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அந்தக் குரல் வேனின் ஒலிபெருக்கியையும் மீறி ஊர்வரை என்னுடன் வந்தது.

நேயர்களே, ஓசை ஓசையை மறைக்கும் என்பது இயற்பியல் மாணவர்களுக்குத் தெரிந்த செய்தி. வலிய ஒலி ஒன்று காதை நிறைத்திருக்கும்போது மெல்லிய ஒலி அங்கே இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. நகரத்தில் வாழும் நமக்கு அமைதி என்பது ஓர் ஓய்வு. வேலையெல்லாம் முடிந்த பிறகு கிடைக்கும் இன்பம். மலையில் வாழ்பவருக்கோ அமைதி ஒரு கருவி. மாடு இருக்கும் இடம், மழை வரும் திசை, ஓடையில் நீர் பெருகும் வேகம், புதருக்குள் அசைவது ஆடா கரடியா என்னும் செய்தி ஆகிய அனைத்தும் அவருக்குக் காது வழியாகவே வருகின்றன. அந்தக் கருவியை அவர் கையிலிருந்து நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். பிடுங்குகிறோம் என்பதுகூடத் தெரியாமல் பிடுங்கிக்கொண்டோம்.

பல ஆண்டுகள் கழித்து, அதே ஏரிக்கு மீண்டும் செல்ல வேண்டும் என்று தோன்றியது. இம்முறை ஓசையில்லாமல் செல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்கு ஏற்ற வாகனம் மிதிவண்டி ஒன்றுதான்.

மிதிவண்டியின் வரலாற்றை ஓரிரு சொற்களில் நினைவுபடுத்துகிறேன். செர்மனி நாட்டில் கார்ல் ட்ரைஸ் என்பவர் 1817ஆம் ஆண்டில், காலால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர மரவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை இல்லை. இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885ஆம் ஆண்டில், இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஓரளவாக இருக்க, சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டியைச் செய்தார். இன்று நாம் ஏறிச் செல்லும் வண்டியின் உருவம் அதுவே. 1888ஆம் ஆண்டில் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். சென்னைக்கு அருகே அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகள் தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கெல்லாம் சென்றன. 1923ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து இளைஞர் அறுவர் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் மூவர் 1928ஆம் ஆண்டில் சுற்றி முடித்துத் திரும்பினர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் சேர்த்துக் கற்பித்தது. ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் அதில் ஏறி, பிறர் துணையை எதிர்பாராமல் தாமே போய்வரத் தொடங்கினர். உலகைச் சுற்றியவர்களுக்கும் சரி, பக்கத்து ஊருக்குச் சென்ற இப்பெண்களுக்கும் சரி, அவர்களைச் சுமந்து சென்றது அவர்கள் காலின் வலிமையே.

அந்த வலிமை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போமா? ஏறுபவரும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 80 கிலோகிராம் என்றும், ஏற வேண்டிய உயரம் 500 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். எடையை உயரத்தோடும், புவியீர்ப்பு முடுக்கமான 9.8 என்ற எண்ணோடும் பெருக்கினால், செய்ய வேண்டிய வேலை 3,92,000 ஜூல் என்று கிடைக்கும். நம் உடல், உண்ட உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைத்தான் இத்தகைய வேலையாக மாற்ற வல்லது. எஞ்சியது வெப்பமாகவும் வியர்வையாகவும் போய்விடும். அந்தக் கணக்கில் பார்த்தால் உணவிலிருந்து ஏறத்தாழ 400 கலோரி தேவைப்படும். அது ஏறத்தாழ 300 கிராம் சோறு! காற்றையும் சாலையின் உராய்வையும் வெல்ல இன்னும் சிறிது சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வேளைச் சோற்றில் ஒரு மனிதன் தன்னையும் தன் மூட்டையையும் மலைமேல் ஏற்றிவிடுகிறான். புகை இல்லை, ஓசையும் இல்லை.

போளூர் பக்கமிருந்து நான் ஏறினேன். அந்த ஊருக்கு இரயில் நிலையம் உண்டு. மலைப்பாதையில் முதல் வளைவிலேயே என் பெருமை குறையத் தொடங்கியது. மூன்றாம் வளைவில் இறங்கி வண்டியைத் தள்ளினேன். தள்ளிக்கொண்டு நடப்பது தோல்வி அன்று. நடந்தபோதுதான் மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசையைக் கேட்டேன். ஓட்டிச் சென்றாலும் ஏற்றத்தில் நம் வேகம் நடையின் வேகமே. சமதளத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் செல்கிறோம் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் ஆகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும் வண்டியில் அது ஒரே நிமிடம். வேகமாகச் செல்பவருக்கு நாலு நிமிடம் மிச்சமாகிறது என்பார்கள். அந்த நாலு நிமிடத்தில் ஒரு மாங்குயில் கிளை மாறி அமர்வதைப் பார்க்கலாம்; களத்தில் சாமையைக் காயவைக்கும் ஒரு பெண்ணிடம் வழி கேட்கலாம். எனக்கு அது மிச்சமாகத் தோன்றவில்லை.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மிதிவண்டியின் அமைதியிலும் ஒரு குறை உண்டு. மேலே ஒரு சிற்றூரைக் கடந்ததும், தலையில் விறகுக் கட்டுடன் இரண்டு பெண்கள் சாலையோரமாக முன்னே சென்றுகொண்டிருந்தனர். ஓசையில்லாமல் செல்கிறோம் என்ற மகிழ்ச்சியில் நான் அவர்களை ஒட்டியே கடந்தேன். பின்னாலிருந்து திடீரென்று ஓர் உருவம் வந்ததும் ஒருத்தி அஞ்சித் துள்ளினாள். விறகுக் கட்டு சரிந்தது. இறங்கி எடுத்துக் கொடுத்தேன். மூத்தவள், “மணி வச்சிருக்கீங்களே, அடிக்கக் கூடாதா சாமி?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதன்பின் ஆள் நடமாட்டத்தைக் கண்டால் தொலைவிலேயே ஒரு முறை மணியடிப்பதையும், வளைவுகளில் தவறாமல் மணியடிப்பதையும் பழக்கமாக்கிக்கொண்டேன். அமைதி வேறு, ஒளிந்து வருதல் வேறு. பிறர் அறிய வேண்டிய அளவுக்கு ஓசை செய்வதும் பண்பே.

நண்பகலுக்குப் பின் ஏரிக்கரையை அடைந்தேன். கோலப்பன் ஏரி பெரிய ஏரி அன்று, படகுத்துறையும் உண்டு, விழா நாள்களில் கூட்டமும் உண்டு. நான் சென்றது சாதாரண வார நாள். ஏரியை ஒட்டிய வழிகளில், சாலை உள்ள இடத்தில் ஓட்டியும், கல்லும் சேறும் உள்ள இடத்தில் தள்ளியும் மெல்லச் சுற்றிவந்தேன். மரநிழல் நீரில் விழுந்து அசைந்தது. மீன்கொத்தி ஒன்று நீருக்குள் பாய்ந்த ஓசை, யாரோ சிறு கல்லை எறிந்தாற்போலத் தெளிவாகக் கேட்டது. நீர்க்காகம் ஒன்று கட்டையின்மேல் நின்று சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. நான் பத்தடி தொலைவில் வண்டியை நிறுத்தியும் அது பறக்கவில்லை. இவையெல்லாம் முதல் முறையும் இங்கே இருந்திருக்கும். நான்தான் இல்லை.

பிறகு மணியோசை கேட்டது. முதலில் ஒன்று, சற்று இடைவிட்டு, வேறு குரலில் இன்னொன்று. அந்த ஓசையைப் பின்பற்றிச் சென்றேன். மரத்தடியில் அமர்ந்திருந்தவர் அதே முதியவர்தாம். முதுமை இன்னும் கூடியிருந்தது. அவருக்கு என்னை நினைவில்லை. நானே சொன்னேன்: “ஐயா, பல வருடங்களுக்கு முன்னால் இங்கே வேனில் வந்து பாட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு உங்கள் பசு ஒன்று காணாமற் போயிற்றே, அது கிடைத்ததா?” அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார், பிறகு சிரித்தார். “அதுவா? விடிஞ்சதும் தானா வந்துட்டுது தம்பி. கன்னுதான் பாவம், ராத்திரி பூரா கத்திட்டே கிடந்தது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் கோபித்திருந்தால் நான் இன்னும் எளிதாக மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

அன்று மாலை அவர் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மணி விட்டு விட்டு ஒலித்தால் மாடு நின்று மேய்கிறது. சீராக ஒலித்தால் நடக்கிறது. விரைந்து ஒலித்தால் எதையோ கண்டு மிரண்டு ஓடுகிறது. நெடுநேரம் ஒலிக்கவில்லை என்றால் படுத்து அசைபோடுகிறது, அல்லது கேட்கும் தூரத்தைக் கடந்துவிட்டது. இப்படி, எழுத்தறியாத அந்தப் பெரியவர் காட்டையே ஒரு நூலாக விரித்து வைத்துக்கொண்டு காதால் படித்துக்கொண்டிருந்தார்.

தமிழ் பயிலும் மாணவர்கள் இந்த இடத்தில் ஒரு நூலை நினைத்திருப்பீர்கள். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இந்தப் பக்கத்து மலைநாட்டைப் பாடியது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல் 583 அடிகளை உடையது. பாட்டுடைத் தலைவன் நன்னன். அவனது ஊர் செங்கண்மா. ஜவ்வாது மலையின் தென்புறத்தில் உள்ள இன்றைய செங்கமே அது என்பர். சேயாறு என்று அந்நூல் கூறுவது இன்றைய செய்யாறு. பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன், பெறப்போகும் கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்த ஆற்றுப்படை நூல் அது. மலைவழியின் இடர்களையும் அது சொல்கிறது: பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், விடிந்த பிறகு செல்க, வழுக்கும் இடங்கள் உண்டு, ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு செல்க என்றெல்லாம் அறிவுரை வருகிறது. அக்காலத்துப் பயணக் கையேடு என்றே அதைச் சொல்லலாம்.

ஆனால் அந்நூலின் பெயரைக் கவனியுங்கள். மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசையை அதன் மதமாகவும் கொண்டு அமைந்த பெயர் மலைபடுகடாம். மலையில் கேட்கும் பல்வேறு ஓசைகளைப் புலவர் வரிசையாகச் சொல்லிச் செல்கிறார். தேன் எடுப்போர் ஆரவாரம் இருக்கிறது. தினை குற்றும் பெண்களின் பாட்டு இருக்கிறது. பன்றியை விரட்டும் பறை இருக்கிறது. கரும்பு ஆலையின் ஓசை இருக்கிறது. பாறைப் பிளவில் குட்டி வீழ்ந்துவிட, அதற்காக அலறும் மந்தியின் குரலும் இருக்கிறது. அந்தக் குரலைப் படிக்கும்போதெல்லாம் இரவெல்லாம் கத்திய கன்றின் நினைவு எனக்கு வரும். இத்தனை ஓசைகளையும் வேறு வேறாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார் என்றால், புலவர் மலையில் எவ்வளவு பொறுமையோடு நடந்திருக்க வேண்டும்! மலை என்பது ஓசையே இல்லாத இடம் அன்று. தன் ஓசைகளைக் கேட்கவைக்கும் இடம்.

அன்று இரவு ஜமுனாமரத்தூரில் தங்கினேன். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தபோது வானத்தில் விண்மீன்கள் அள்ளித் தெளித்தாற்போல் நிறைந்திருந்தன. அந்த இருட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. இதே ஜவ்வாது மலையில், காவலூர் என்னும் ஊரில், 1960களின் பிற்பகுதியில் விண்ணாய்வுக்கூடம் ஒன்று அமைந்தது. அதற்குக் காரணராக இருந்தவர் அறிஞர் வைணு பாப்பு. 1972ஆம் ஆண்டில் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே வந்தது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கிக்கு 1986ஆம் ஆண்டில் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1988ஆம் ஆண்டில் அங்கிருந்து கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

1977ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் குறுக்கே சென்றது. கோள் அவ்விண்மீனை மறைப்பதற்கு முன்னும் பின்னும், அதன் ஒளி சில கணங்கள் குறைந்து குறைந்து மீண்டது. அந்தச் சிறு மங்கலைக் கொண்டுதான் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பதை உலகம் அறிந்தது. விமானத்தில் பறந்தபடி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள் அதைக் கண்டனர். அதே நேரத்தில் காவலூரில் இருந்த நம் அறிஞர்களும் ஒளி மங்கியதைப் பதிவு செய்தனர். நகரத்து விளக்குகளின் ஒளி வானில் சிதறிக் கிடக்கும் இடத்தில் இத்தகைய நுண்ணிய பணிகள் மிகவும் கடினமாகிவிடும். பெரிய ஒளி சிறிய ஒளியை மறைத்துவிடும். மாட்டு மணியைப் பாட்டு மறைத்தது போலத்தான் இதுவும்.

ஏரிக்கரையில் மணியோசைக்குக் காது கொடுத்திருந்த முதியவரும், காவலூரில் விண்மீன் மங்குவதற்குக் கண் வைத்திருந்த அறிஞரும் ஒரே மலையில் ஒரே வகை வேலையைச் செய்தவர்கள் என்று அன்று இரவு எனக்குத் தோன்றியது. ஒருவருக்கு அமைதி வேண்டும். மற்றவருக்கு இருட்டு வேண்டும். இவ்விரண்டையும் விலை கொடுத்து வாங்க முடியாது, உண்டாக்கவும் முடியாது. கெடுக்காமல் விட்டுவைக்க மட்டுமே முடியும். கெடுப்பதற்குக் கெட்ட எண்ணம்கூட வேண்டியதில்லை. ஓர் ஒலிபெருக்கியும் ஒரு நாள் விடுமுறையும் போதும்.

மறுநாள் இறங்கினேன். இறங்குவது எளிது என்று எண்ணிவிடாதீர்கள். ஏறும்போது செய்த 3,92,000 ஜூல் வேலையும் இறக்கத்தில் திரும்பி வரும். காற்று தடுத்தது போக எஞ்சியதைப் பிரேக்குதான் வெப்பமாக மாற்றியாக வேண்டும். ஒரு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான ஆற்றல் அது. ஆகவே பிரேக்கை இடைவிடாமல் அழுத்திக்கொண்டே இறங்கக் கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். இரு பிரேக்குகளையும் விட்டு விட்டு அழுத்த வேண்டும். நடுவே நின்று சக்கரத்தை ஆறவிட வேண்டும்.

நீங்களும் இத்தகைய பயணம் செல்ல விரும்பினால், நான் பட்டறிந்த சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தை மாதங்களில் செல்வது நல்லது. ஏரியில் நீர் இருக்கும், வெயில் வருத்தாது. தனியாகச் செல்லாமல் மூவர் நால்வராகச் செல்லுங்கள். முப்பது பேராகச் செல்லாதீர்கள். கூட்டம் பெருகினால் மிதிவண்டியும் வேனாகிவிடும். விடிந்த பிறகு புறப்பட்டு, பொழுது சாயுமுன் தங்குமிடம் சேருங்கள். பழைய ஆற்றுப்படையின் அறிவுரை இன்றும் பொருந்தும். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் இசைவின்றி நுழையாதீர்கள். காற்றடிக்கும் பம்பும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும், இரண்டு மடங்கு தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். கொண்டுபோன உறை, புட்டி எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள். ஊரார் வீட்டையும் அவர்களையும் கேளாமல் படம் எடுக்காதீர்கள். சாமையோ தேனோ வாங்கினால் கேட்ட விலையைக் கொடுங்கள். அதைப் பேரம் பேசிக் குறைப்பதில் வீரம் ஒன்றும் இல்லை.

விடைபெறும்போது அந்தப் பெரியவர் என் வண்டியின் மணியைத் தம் விரலால் ஒரு முறை அடித்துப் பார்த்தார். “நல்ல மணிதான். என் மாட்டுக்குக் கட்டலாம்” என்றார். நான் கழற்றிக் கொடுக்க முனைந்தேன். அவர் தடுத்து, “வேணாம் தம்பி, வழியில ஆளுங்க நடப்பாங்க, உனக்குத்தான் வேணும்” என்றார். வளைவில் திரும்புமுன் அந்த மணியை ஒரு முறை அடித்தேன். காட்டுக்குள்ளிருந்து ஒரு மாட்டு மணி ஒலித்தது. அது எனக்கு மறுமொழி என்று நான் சொல்லமாட்டேன். மாடு தலையை அசைத்திருக்கும். ஆனால் அது என் காதில் விழுந்தது. நீங்கள் செல்லும் நாளிலும் அது உங்கள் காதில் விழவேண்டும் என்பதே என் விருப்பம்.